வாக்நக்: புலிநகம் உண்மையில் எதற்கு உதவும்?

2024 ஜூலையில் லண்டனிலிருந்து ஒரு சின்ன எஃகுச் சாமான் மகாராஷ்டிராவின் சாத்தாரா நகருக்கு வந்து சேர்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். அதற்கு அரசு விழா, பலத்த பாதுகாப்பு, பார்க்க நீண்ட வரிசை. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் மூன்று ஆண்டுக் கடனாக அனுப்பிய 'வாக்நக்' அது. சத்ரபதி சிவாஜி பீஜப்பூர்த் தளபதி அப்சல் கானைக் கொன்றபோது கையில் மாட்டியிருந்த ஆயுதம் என்று பலரும் நம்புவது.

அது வந்ததிலிருந்து இணையத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்காரர்கள் பேசினால், அந்த நான்கு நகங்களும் ஒரே இழுப்பில் யானையைச் சாய்த்துவிடும். இன்னொரு கட்சிக்கு அது வெறும் விளையாட்டுச் சாமான். 'இதை வைத்துப் பூனையைக்கூட விரட்ட முடியாது' என்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன. வாளோடும் ஈட்டியோடும் சேர்த்து வைத்து, 'சண்டையில் இது எப்படி?' என்று கேட்கின்றன. சமையலறைக் கத்தியைப் பார்த்து 'இது மரம் வெட்டுமா?' என்று கேட்கிற மாதிரி. வாக்நக்கின் வேலை, சண்டை என்று ஒன்று தொடங்குவதற்கு முன்பே பாதி முடிந்துவிடுகிறது. அது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஆயுதங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

மராத்தியில் 'வாக்' என்றால் புலி, 'நக்' என்றால் நகம். இந்தியில் இதுவே 'பாக்நக்'. தமிழில் சொன்னால் புலிநகம். உடனே நம் ஊரில் சிலர் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொள்ளும் அசல் புலிநகம் நினைவுக்கு வரும். அது வேறு. அது காட்டு விலங்கின் உடல் பாகம்; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருந்தாலே வழக்கு வரும். நாம் பேசும் ஆயுதம் கொல்லன் அடித்த எஃகு. புலிக்கும் அதற்கும் உறவு உருவத்தில் மட்டும்.

அமைப்பு மிக எளிது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எஃகுப் பட்டை. பட்டையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம். ஆள்காட்டி விரல் ஒன்றில் நுழையும், சுண்டுவிரல் இன்னொன்றில். பட்டையிலிருந்து நான்கோ ஐந்தோ வளைந்த நகங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டை விரல்களின் அடிப்பக்கத்தில், அதாவது உள்ளங்கைப் பக்கம், படுத்திருக்கும். கையை மூடினால் நகங்கள் விரல்களுக்கு உள்ளே மறைந்துவிடும். வெளியே தெரிவது இரண்டு மோதிரங்கள்.

இந்த 'உள்ளே' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் படக்கதைகளும் சினிமாவும் நம் தலையில் வேறொரு படத்தை ஏற்றி வைத்திருக்கின்றன: விரல் முட்டிக்கு மேலே, விரல்களுக்கு இடையிலிருந்து நீளமான கத்திகள் கிளம்பும் படம். வாக்நக் அப்படி இல்லை. ஜப்பானில் உள்ளங்கையைச் சுற்றிப் பட்டையாகக் கட்டி, சுவரும் மரமும் ஏறப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் 'ஷுகோ' என்ற நகப்பட்டை ஒன்று உண்டு. அதன் படத்தைப் போட்டு வாக்நக் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நம்முடையது மலையேறுவதற்கும் அல்ல. அந்த மெல்லிய வளையங்களில் உடம்பின் எடையைத் தொங்கவிட்டால் முதலில் முறிவது விரலாகத்தான் இருக்கும்.

சப்பாத்தி மாவில் ஒரு பரிசோதனை

வாக்நக்கை வாங்கவோ செய்து பார்க்கவோ தேவையில்லை. சமையலறைக்குப் போனால் போதும்.

சப்பாத்திக்குப் பிசைந்த மாவை ஒரு பெரிய உருண்டையாக உருட்டி வையுங்கள். முதலில் ஒரு பென்சிலை எடுத்து முனையை மாவில் அழுத்துங்கள். சர்ரென்று இறங்கும். இப்போது ஒரு முள்கரண்டியை எடுத்து, அதே அளவு பலத்தோடு நேராக அழுத்துங்கள். இறங்கும், ஆனால் அவ்வளவு ஆழம் போகாது. கடைசியாக முள்கரண்டியை லேசாக அழுத்திக்கொண்டே உங்கள் பக்கம் இழுங்கள். நான்கு வரிகள் விழும்; மாவு பிய்ந்து ஓரங்கள் எழும்பி நிற்கும்.

மூன்றாவது செயல்தான் வாக்நக். முதல் செயல் கத்தி. இரண்டாவது, வாக்நக்கை வைத்திருப்பவர் பயத்தில் செய்துவிடக்கூடிய தப்பு.

இதற்குள் இருக்கும் அறிவியல் 'அழுத்தம்' என்ற ஒரே சொல்லில் அடங்கும். அழுத்தம் என்பது நாம் கொடுக்கும் பலம் எவ்வளவு சின்ன இடத்தில் குவிகிறது என்பதற்கான அளவு. ஊசி துணிக்குள் இறங்குகிறது, விரல் இறங்குவதில்லை. பலம் ஒன்றுதான், இடம் வேறு. ஒருவர் 20 கிலோ எடைக்குச் சமமான பலத்தோடு குத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கத்தியில் அது முழுக்க ஒரே முனைக்குப் போகும். நான்கு நகங்களில் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 5 கிலோதான் கிடைக்கும். நகங்களைக் கூட்டக் கூட்டப் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆழம் குறைந்துகொண்டே போகும்.

அப்புறம் அந்த வளைவு. நேரான ஆணியும் தூண்டில் முள்ளும் ஒரே கம்பியில் செய்தவையாக இருக்கலாம், ஆனால் வேலை வேறு. ஆணி தள்ளினால் இறங்கும். தூண்டில் முள் இழுத்தால்தான் மாட்டும். வயலில் கதிர் அறுக்கிறவர்கள் கருக்கரிவாளைத் தாளுக்குள் குத்துவதில்லை; வளைவுக்குள் தாளை வாங்கித் தம் பக்கம் இழுக்கிறார்கள். வாக்நக்கின் நகங்களும் உள்நோக்கி வளைந்தவை. முன்னால் தள்ளும்போது அவற்றின் கூர்முனை சரியான திசையில்கூட இருக்காது. படிந்து, கவ்வி, இழுக்கும்போதுதான் அவை வேலை செய்யும்.

இதுவரை சொன்னதைக் கொஞ்சம் தொகுத்துக்கொள்வோம். வாக்நக் உள்ளங்கைக்குள் மறையும் எஃகு நகம். அது குத்தும் ஆயுதம் இல்லை, கிழிக்கும் ஆயுதம். அகலமான காயம் தரும். ஆழமான காயம் தருவது அதற்குக் கடினம்.

நிஜப் புலி என்ன செய்கிறது?

'புலியே நகத்தால்தானே அடிக்கிறது?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பதிலைக் கேட்டால் ஆயுதத்தின் பெயரே ஒரு குறிப்பு மாதிரித் தெரியும்.

வளர்ந்த ஆண் வங்கப்புலி 200 கிலோவுக்கு அக்கம்பக்கம் இருக்கும். மானையோ காட்டெருமையையோ பிடிக்கும்போது முன்னங்கால்களின் நகங்கள் செய்யும் முதல் வேலை பிடித்து நிறுத்துவது. இரை நழுவாமல், ஓடாமல், கவிழும்படி இழுக்க நகம். உயிரை எடுப்பது பெரும்பாலும் பல். கழுத்திலோ தொண்டையிலோ விழும் கடி. நகம் கொக்கி, பல் கத்தி என்று வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இன்னொன்றும் உண்டு. புலி நடக்கும்போது நகங்கள் வெளியே தெரியாது. உறைக்குள் இழுத்து வைத்துக்கொண்டுதான் நடக்கும். கூர் மழுங்காது, சத்தமும் வராது. தேவைப்படும் நொடியில் வெளியே வரும். வாக்நக்கைச் செய்த கொல்லர் புலியின் பலத்தை எஃகில் கொண்டுவர முடியாது என்று அறிந்தவர். 200 கிலோ எடையும் அந்தத் தோள்களும் மனிதனுக்கு இல்லை. அவர் எடுத்துக்கொண்டது இரண்டு விஷயம்: கவ்வும் வளைவு, உள்ளிழுக்கும் உறை. கையை மூடினால் அதுவே உறை.

எட்டும் தூரம் என்னும் பிரச்சினை

ஆயுதங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பார்ப்பது வீச்சு. வீச்சு என்றால், நின்ற இடத்திலிருந்து எதிராளியை எவ்வளவு தூரத்தில் தொட முடியும் என்பது. சிலம்பம் ஆடும் பையனிடம் கேட்டால் இதற்கு நூறு விளக்கம் தருவான். ஆளுயரக் கம்பு வைத்திருப்பவனுக்கு வெறுங்கையன் பக்கத்திலேயே வர முடியாது.

வாள் கையின் நீளத்தோடு இன்னும் ஒரு கை நீளத்தைச் சேர்க்கிறது. ஈட்டி அதைவிட அதிகம். வாக்நக்? ஒரு விரல் நீளம்கூடச் சேர்க்காது. அதுவும் கையை விரித்து வீசினால். மூடிய கையாக இருந்தால் சேர்ப்பது பூஜ்யம்.

ஆக, வாளோடு நிற்கும் ஒருவர் முன்னால் வாக்நக்கோடு போய் நிற்பது தற்கொலைக்குச் சமம். போர்க்களத்தில் மராத்தியப் படைகள் வாளும் ஈட்டியும் துப்பாக்கியும் ஏந்தித்தான் போனார்கள். 'மராத்தியரின் போர் ஆயுதம் வாக்நக்' என்று எழுதும் பதிவுகளைப் பார்த்தால், எழுதியவர் அந்தப் பொருளைக் கையில் மாட்டுவது போலக் கற்பனைகூடச் செய்து பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

துணி, பஞ்சு, சங்கிலி

சப்பாத்தி மாவுக்குத் திரும்புவோம். இந்த முறை மாவின் மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு முள்கரண்டியை இழுங்கள். துணி சுருங்கும், மாவில் லேசான தடம் விழும். தடித்த துண்டை நான்காக மடித்துப் போட்டால் தடமே இருக்காது.

இந்தியப் படைவீரர்கள் பஞ்சு வைத்து அடுக்கடுக்காகத் தைத்த அங்கிகளை அணிவது வழக்கம். அதற்கு மேலோ கீழோ வசதியுள்ளவர்கள் சங்கிலிக் கவசம் போட்டார்கள். சங்கிலிக் கவசம் என்பது ஆயிரக்கணக்கான சின்ன இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்த சட்டை. வாள்வெட்டு அதில் வழுக்கும். அதைத் துளைக்க ஒரே முனையில் மொத்த பலத்தையும் கொடுக்கும் ஆயுதம் வேண்டும். நம் தஞ்சாவூர் ஆயுதக் கொட்டில் ஒரு காலத்தில் பேர்பெற்றிருந்த கட்டாரி என்ற குத்துவாள் அந்த வகை. மூடிய கையின் நேர்கோட்டிலேயே கத்தி இருப்பதால் தோளின் பலமெல்லாம் முனைக்கு வந்துவிடும். கட்டாரி செய்யும் இந்த வேலையை வாக்நக் ஒருபோதும் செய்யாது. சங்கிலிச் சட்டையில் நகங்கள் வளையங்களில் சிக்கிக்கொண்டால், மாட்டியவரின் விரலுக்குத்தான் ஆபத்து.

தொகுத்தால்: வீச்சு இல்லை, ஆழம் இல்லை, கவசத்தின் முன் பயன் இல்லை. ஆயுதம் என்ற பரீட்சையில் மூன்று பாடத்திலும் தோல்வி. பின்னே இதை ஏன் ஒருவர் மெனக்கெட்டுச் செய்தார்?

ஒளிந்திருப்பதே வேலை

ஒரு காட்சியை யோசியுங்கள். இரண்டு பகைவர்கள் பேச்சுவார்த்தைக்குச் சந்திக்கிறார்கள். ஆயுதம் வரக்கூடாது, அல்லது இடுப்பில் தெரியும் ஆயுதம் மட்டும் வரலாம் என்று பேச்சு. இரு பக்கமும் மற்றவரை நம்பவில்லை. அருகில் வந்து தழுவிக்கொள்வதுதான் மரியாதை. அந்த இடத்தில் ஈட்டியின் மதிப்பு பூஜ்யம், ஏனென்றால் அது அங்கே வரவே முடியாது. வாளும் அப்படித்தான், உறையிலிருந்து உருவ ஒரு நொடியும் ஒரு கை தூரமும் வேண்டும். மார்போடு மார்பு ஒட்டி நிற்கையில் இரண்டும் கிடைக்காது.

இப்போது வாக்நக்கின் பலவீனங்களை மறுபடி பாருங்கள். வீச்சு இல்லை, தழுவும் தூரத்தில் வீச்சே தேவையில்லை. உருவ நேரம் வேண்டாம். ஏற்கெனவே விரலில்தான் இருக்கிறது. நழுவி விழாது, வளையம் பிடித்துக்கொள்ளும். கை திறந்தாலும் மூடினாலும் அது கையோடு இருக்கும். குத்துவதற்குக் கையைப் பின்னால் வாங்க இடமில்லாத நெருக்கத்தில், இழுப்பது மட்டும்தான் சாத்தியமான அசைவு. அந்த ஒரே அசைவுக்காக வளைக்கப்பட்டதுதான் நகம்.

ஆயுதத்தின் பயன் என்பது எஃகின் குணம் மட்டுமல்ல. அது எந்த இடத்துக்குள் நுழைய முடிகிறது என்பதும் சேர்ந்ததுதான். வாக்நக் வெல்வது சோதனைச் சாவடியில். உள்ளே வந்துவிட்ட சின்ன நகம், வெளியே நிறுத்தப்பட்ட பெரிய வாளைவிடப் பெரியது. பிரிட்டனில் 1988இல் தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் கையில் மாட்டும் நகமும் இருக்கிறது. கூடவே கைத்தடிக்குள் ஒளித்த வாளும் இருக்கிறது. இன்றைய சட்டத்தையும் பயமுறுத்துவது இவற்றின் பலமாக இருக்க வாய்ப்பில்லை. கண்ணுக்குத் தெரியாத குணம்தான்.

1659, பிரதாப்காட்

இந்தத் தர்க்கமெல்லாம் ஒரே இடத்தில் கூடிவந்த நாள் 1659 நவம்பர் 10. பீஜப்பூர் அடில்ஷாகி அரசின் தளபதி அப்சல் கான் பெரும்படையோடு வந்திருந்தார். சிவாஜி பிரதாப்காட் கோட்டையில். மலைக்காட்டுக்குள் படையை இழுத்துக்கொண்டு போக கானுக்கும் விருப்பமில்லை, வெட்டவெளியில் மோத சிவாஜிக்கும் வசதியில்லை. தூதர்கள் போய் வந்தார்கள். கோட்டையின் அடிவாரத்தில் ஒரு கூடாரம் போட்டுச் சந்திப்பது என்று முடிவானது. ஆளுக்குச் சில மெய்க்காவலர்கள் மட்டும், அவர்களும் தள்ளி நிற்க வேண்டும்.

நாம் இன்று சொல்லும் கதையின் முக்கிய ஊற்று, கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் எழுதிய பகர். பகர் என்பது மராத்தியில் எழுதப்படும் உரைநடை வரலாற்றுக் குறிப்பு. தமிழர்களுக்கு இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது: 1690களில், சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயருக்குத் தப்பி நம் செஞ்சிக் கோட்டையில் இருந்தபோது, அங்கேதான் சபாசத் இதை எழுதினார். நடந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதியது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலப் பதிவுகள் எல்லாமும் ஆயுத விஷயத்தில் ஒரே குரலில் பேசுவதில்லை.

மரபாகச் சொல்லப்படும் விவரம் இதுதான். சிவாஜி அங்கிக்கு அடியில் சங்கிலிக் கவசம் போட்டிருந்தார், தலைப்பாகைக்கு அடியில் இரும்புத் தொப்பி. இடது கையில் வாக்நக். வலது கைச் சட்டைக்குள் பிச்சுவா. தழுவியபோது கான் சிவாஜியின் கழுத்தைக் கக்கத்தில் இறுக்கிக் குத்தினார், கவசம் காப்பாற்றியது. சிவாஜி இடது கை நகத்தால் கானின் வயிற்றைக் கிழித்தார், வலது கைப் பிச்சுவாவால் குத்தினார். யார் முதலில் கை ஓங்கினார் என்பதில் இன்றும் சண்டை நடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. ஆயுதத்தை மட்டும் பார்ப்போம்.

சபாசத் ஒரு சின்ன விவரத்தைப் போகிற போக்கில் சொல்கிறார்: கான் உடம்பில் அங்கிதான் இருந்தது. எனக்கு இந்த ஒரு வரிதான் முழுக் கதையின் அச்சாணி. சந்திப்பில் ஒருவர் உடம்பில் கவசம், இன்னொருவர் உடம்பில் துணி. இடம் மாறியிருந்தால், அதாவது கான் சங்கிலிச் சட்டை போட்டு வந்திருந்தால், அந்த நான்கு நகங்களும் வளையங்களில் கிறீச்சிட்டதோடு கதை முடிந்திருக்கும். சாத்தாராவில் வரிசையே நின்றிருக்காது.

இன்னொரு விவரம். நகம் பட்ட பிறகு, பிச்சுவாக் குத்தும் வாங்கிய பிறகு, கான் அங்கேயே விழுந்து சாகவில்லை. 'வஞ்சம், கொல்கிறார்கள்' என்று கத்துகிறார். ஆட்கள் அவரைப் பல்லக்கில் ஏற்றித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சம்பாஜி காவ்ஜி என்ற வீரர் பல்லக்குத் தூக்கிகளின் கால்களை வெட்டிப் பல்லக்கை இறக்கித் தலையை எடுக்கிறார். இடையில் கானின் ஆள் சையத் பண்டா சிவாஜியை நோக்கி வாளோங்கியபோது, ஜீவா மகாலா அவன் கையை வெட்டுகிறார். 'ஜீவா இருந்தான், சிவா பிழைத்தான்' என்று மராத்தியில் பழமொழியே உண்டு. ஆக அன்று அந்தக் கூடாரத்தைச் சுற்றி முடிவுகளை எழுதியது வாள்கள். வாக்நக் செய்தது, கழுத்து இறுகிக்கொண்டிருந்த அந்த முதல் சில நொடிகளில் பிடியைத் தளர்த்தி, அடுத்த ஆயுதத்துக்கு வழிவிட்டது. புலியின் நகமும் அதைத்தானே செய்கிறது.

பிச்சுவா என்ற ஜோடி

பிச்சுவா என்ற சொல் நமக்குப் புதிதில்லை. 'பிச்சுவாக் கத்தி' என்று பழைய சினிமா ரவுடி முதல் தாத்தாவின் வசவு வரை கேட்டிருக்கிறோம். வடக்கிலிருந்து வந்த சொல் அது. 'பிச்சு' என்றால் தேள். தேள்வால் போல நெளிந்த, ஒல்லியான கத்தி. பிடி ஒரு வளையமாக இருப்பதால் கையிலிருந்து நழுவாது, சட்டைக் கைக்குள் ஒளிப்பதும் சுலபம்.

புலியும் தேளும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாகிறது. நகம் அகலம், தேள் ஆழம். ஒன்று இழுக்க, ஒன்று குத்த. இந்த இரண்டையும் ஒரே பொருளாக அடித்த கொல்லர்களும் இருந்தார்கள்: வாக்நக் பட்டையின் ஒரு முனையிலேயே ஒரு சின்னப் பிச்சுவா அலகு நீட்டிக்கொண்டிருக்கும். அருங்காட்சியகங்களில் இந்தக் கலப்பு வகையைப் பார்க்கலாம். நகத்தின் குறை என்ன என்று அந்தக் காலக் கொல்லர்களுக்கே தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நகம் மட்டுமே போதும் என்றால் பக்கத்தில் கத்தியை ஒட்டவைக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. ஆனால் அலகு நீண்டதும் ஒளிவு போய்விடும். சட்டைக் கையால் மூட வேண்டும். ஒன்றைக் கூட்டினால் ஒன்று குறையும்.

எல்லோரும் பார்க்க நடந்த நகச்சண்டை

ஒளிவை எடுத்துவிட்டு, இருவருக்கும் நகம் கொடுத்து, எதிரெதிரே நிறுத்தினால் என்ன ஆகும்? இதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1860களில் பரோடா அரசர் கண்டேராவ் கெய்க்வாட்டின் அவைக்குச் சென்ற பிரெஞ்சுப் பயணி லூயி ரூஸ்லே, மல்லர்கள் கையில் நகங்களைக் கட்டிக்கொண்டு மோதுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் பார்த்தவை எஃகு நகங்கள் அல்ல; கொம்பில் செய்தவை, வலது கையில் கட்டியவை. ஏறத்தாழ வெற்றுடம்போடு, போதையேறிய நிலையில் மோதினார்கள். ரத்தக்களரி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது காட்சிக்காக நடந்தது. நிறைய ரத்தம், அகலமான காயம், நீண்ட நேரப் போராட்டம் என்று அரசவைக் கேளிக்கைக்கு வேண்டியதெல்லாம் நகத்தில் இருந்தது. சீக்கிரம் முடிக்கிற ஆயுதமாக இருந்தால் வேடிக்கை பார்க்கப் பொழுது ஏது?

இதன் மென்மையான உறவினர் ஒன்று இன்றும் மைசூரில் உயிரோடு இருக்கிறது. தசராவின் விஜயதசமி நாளில் அரண்மனையில் ஜெட்டி மல்லர்கள் வஜ்ரமுஷ்டி மோதுவார்கள். மொட்டை அடித்த தலை, வலது கை விரல்களில் முனைகள் கொண்ட முட்டிக்காப்பு. தலையில் முதல் சொட்டு ரத்தம் தெரிந்ததும் சண்டை முடிந்தது. சில சமயம் ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது.

மாட்டியவரின் தொல்லைகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். வளையம் விரலுக்குச் சரியாக இருக்க வேண்டும். தளர்ந்தால் பட்டை சுழலும், இறுகினால் கழற்ற முடியாது. மாட்டிய கையால் வேறு எதையும் பிடிக்க முடியாது, கயிறோ கடிவாளமோ வாளோ. கையை இறுக்கி மூடினால் சொந்த உள்ளங்கை கிழியும். நெகிழ்த்தி மூடினால் நகம் எட்டிப் பார்க்கும். எனவே எதிராளி கண்முன் அந்தக் கையை இயல்பாக வைத்துக்கொண்டு, சிரித்து, பேசி, கூப்பிடும் தூரத்திலிருந்து தழுவும் தூரம் வரை நடந்து போக வேண்டும். பயிற்சி என்றால் இதற்குத்தான் அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

பஞ்சாபின் நிஹாங் சீக்கியர்கள் தலைப்பாகையில் சக்கரங்களோடு வாக்நக்கையும் செருகி வைத்திருப்பதைப் படங்களில் பார்க்கலாம். அங்கே ஒளிவே கிடையாது. ஊரே பார்க்கும்படி உச்சியில் இருக்கிறது. அது ஆயுதத்தின் இன்னொரு பிழைப்பு: அடையாளமாக.

சாத்தாராவுக்கு வந்தது எது?

கடைசியாக அந்த லண்டன் நகம். அதை இங்கிருந்து கொண்டுபோனவர் ஜேம்ஸ் கிராண்ட் டஃப். 1818இல் சாத்தாராவுக்கு அனுப்பப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி; மராத்தியரின் வரலாற்றை எழுதியவரும் அவரே. ஸ்காட்லாந்தில் செய்த ஒரு பெட்டியில் அது பத்திரமாக இருந்தது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதன் சாரம்: சிவாஜி முகலாயத் தளபதியைக் கொன்ற வாக்நக் இது, பேஷ்வாவின் பிரதம மந்திரி கிராண்ட் டஃபுக்குக் கொடுத்தது.

இதில் இரண்டு இடறல்கள். அப்சல் கான் முகலாயத் தளபதி அல்ல, பீஜப்பூர்த் தளபதி. பேஷ்வா என்ற சொல்லுக்கே பிரதம மந்திரி என்றுதான் பொருள். பிரதம மந்திரிக்கு ஒரு பிரதம மந்திரி! 1659இல் சிவாஜி கையில் இருந்தது இதுதான் என்று உறுதிப்படுத்த முடியவில்லை என அருங்காட்சியகமே சொல்லிவிட்டது. பெட்டி மேல் எழுதிய வாசகம் மட்டும்தான் ஆதாரம், அந்த வாசகத்திலேயே இத்தனை கோளாறு.

அது அசலா என்பது ஒரு புறம் இருக்கட்டும். இந்த வகைப் பொருளைப் பார்க்க நேர்ந்தால் ஒன்றைச் செய்து பாருங்கள். படங்களிலும் கண்ணாடிப் பெட்டிகளிலும் வாக்நக்கைப் பெரும்பாலும் நகங்கள் தெரியும்படிதான் வைப்பார்கள். கொஞ்சம் குனிந்து, மறுபக்கத்திலிருந்து, விரல் மாட்டியிருந்தால் எதிரே நிற்பவருக்கு எப்படித் தெரிந்திருக்குமோ அந்தக் கோணத்தில் பாருங்கள். இரண்டு மோதிரங்கள் தெரியும்.